யாருடைய கால் படாத அருவி?

தமிழில் பயணக்கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு சொற்றொடர் கைப்பழக்கமாகிவிட்டது. ‘மனிதக் காலடி படாத அருவி’ என்பது அது. காட்டுக்குள் ஆறேழு கிலோமீட்டர் நடந்தால் போதும், எழுதுபவர் கொலம்பஸ் ஆகிவிடுகிறார். காலில் இரண்டு அட்டைகள் ஏறிவிட்டால் பட்டம் இன்னும் உறுதி. அண்மையில் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நல்ல மொழி, நல்ல கண். ஆனால் அதன் மூன்றாம் பத்தியில் ‘எங்களுக்கு வழிகாட்ட வந்த ஆதிவாசி இளைஞர்’ ஒருவர் வருகிறார். ஏழாம் பத்தியில் அருவி ‘யாருமே அறியாதது’ ஆகிவிடுகிறது. இடைப்பட்ட பத்திகளில் அந்த இளைஞர் எங்கே போனார்? யாருமே அறியாத அருவிக்கு அவர் எப்படி வழி காட்டினார்?

இந்தக் கேள்வியை நண்பர்மீது எறிந்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அவருக்கு முன்பே இதே பிழையைச் செய்தவன் நான். 2006-ஆம் ஆண்டு ஒரு சிற்றிதழில் நான் எழுதிய ஆறு பக்கக் கட்டுரையின் தலைப்பே ‘கால் படாத அருவி’ என்பதுதான். அந்த இதழ் நின்று பல ஆண்டுகளாகின்றன. என் கட்டுரையும் அதோடு மறைந்திருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். அச்சில் ஏறியது அவ்வளவு எளிதில் மறைவதில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் சில செய்திகளைச் சொல்லிவிடவேண்டும்.

பாபநாசத்திற்கு மேலே, காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்குவார்கள். கூட்டம் லட்சக்கணக்கில் சேரும். கலையும்போது ஆற்றில் பழந்துணியும் ஞெகிழிப் பையும் மிஞ்சும். அந்த ஆண்டு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு துப்புரவுப் பணிக்குப் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, இருபத்தேழு வயது. முகாம் முடிந்த மறுநாள், வனத்துறையின் இசைவோடு, இரண்டு மாணவர்களையும் ஒரு வனக்காவலரையும் சேர்த்துக்கொண்டு ஓர் அருவிக்குப் போனேன். அணைநீரைப் படகில் கடந்து, பாணதீர்த்தத்தையும் கடந்து, மேலே பல மணிநேர நடை. முன்னால் நடந்தவர் காணிக்காரர் ஒருவர். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கையில் ஒரு வெட்டரிவாள், இடுப்பில் வெற்றிலைப் பொதி.

அந்த அருவியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மர்மம் சேர்ப்பதற்காக மறைக்கவில்லை. காரணம் பின்னால் வரும்.

பாணதீர்த்தத்தைப் பலருக்குத் தெரியும். 1992-இல் வந்த ‘ரோஜா’ படத்தில் பார்த்தவர்களும் உண்டு. சுற்றுலாப் படகு ஓடிய காலத்தில் நேரிலேயே போய்ப் பார்த்தவர்களும் உண்டு. அங்கேயே ‘உலகம்’ முடிந்துவிடுவதாக எங்களுக்கு ஓர் எண்ணம். ஆனால் அதற்கும் மேலே இஞ்சிக்குழி என்ற காணிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கு வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு ஓய்வூதியப் பணம் கொடுப்பதற்காக அஞ்சல் ஊழியர் ஒருவர் அணையைப் படகில் தாண்டிக் காட்டில் நடந்து போய்வந்த செய்தி 2021-இல் நாளிதழ்களில் வந்தது. அஞ்சல் துறை மாதந்தோறும் போய்வரும் இடத்தைத்தான் நாம் மனிதக் கால் படாத இடம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

தமிழ் மரபிலிருந்து வரவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன். ‘கன்னிக்காடு’ என்று எழுதுகிறோமே, அது ஆங்கிலத்திலிருந்து இறங்கிய சொல். ‘நீர்வீழ்ச்சி’யும் அப்படித்தான். அருவி என்ற ஈராயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்க, நீர் கீழே விழுகிற இயற்பியல் நிகழ்ச்சியைப் பெயராக்கிக்கொண்டோம். (குற்றாலத்தில் இன்றும் பேரருவி, ஐந்தருவி, புலியருவி, தேனருவி என்றுதான் வழங்குகிறது, ‘ஐந்து நீர்வீழ்ச்சி’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும்.) சொல்லுக்காக நான் சண்டை போடவில்லை. அந்தச் சொற்களோடு ஒரு பார்வையும் சேர்ந்து இறங்கிவிட்டது. வெளியூரிலிருந்து ஒருவன் வந்து பார்க்கும்வரை ஓர் இடம் இருந்ததாகவே கொள்ளாத பார்வை அது.

நம் பழைய நூல்களில் அருவி எங்கே வருகிறது என்று பாருங்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் அருவியில் ஆடுகிறார்கள். அவர்கள் அங்கே சுற்றுலா வந்தவர்களா? தினைப்புனம் காக்க அனுப்பப்பட்டவர்கள். கிளி ஓட்டி ஓய்ந்த நேரத்தில் அருவிக்குப் போகிறார்கள், பாறையில் பூக்களைக் குவிக்கிறார்கள். அந்தப் பூப்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி மாணவர்களை வதைக்கும் நாம், அதைத் தொகுத்த கைகள் புனம் காத்த கைகள் என்பதை மட்டும் சொல்லித்தருவதில்லை. சங்கப் பாட்டில் அருவி என்பது பெரும்பாலும் யாரோ ஒருத்தியின் வேலையிடத்திற்குப் பக்கத்தில் இருப்பது. அது யாருடைய மலை என்பது அந்தப் பாட்டிலேயே இருக்கும். பின்னால், பதினெட்டாம் நூற்றாண்டில், திரிகூடராசப்பக் கவிராயர் குற்றால மலையின் வளத்தைப் பாடவைப்பதும் ஒரு குறத்தியைத்தான். தன் மலை என்ற உரிமையோடு அவள் பாடுகிறாள். கவிராயர் தாமே மலையேறிக் கண்டுபிடித்ததாக எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் என் வாதத்திற்கு மிகவும் வேண்டிய நூல் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். உ.வே.சா. 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து நாம் இதைப் பாடமாக வைக்கிறோம்; நன்னனின் கொடையைப் பற்றி வினா கேட்கிறோம்; ஆற்றுப்படையின் இலக்கணத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினா கேட்கிறோம். இதை ஒரு வழிநூலாக எடுத்துப் படித்துப் பாருங்கள் என்று இருபது ஆண்டுகளில் ஒரு வகுப்பிலாவது நான் சொன்னதுண்டா? இல்லை.

அதில் என்ன இருக்கிறது? பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன், எதிரே வரும் கூத்தர் குடும்பத்துக்கு மலைவழி சொல்கிறான். பெண்கள், குழந்தைகள், முதுகில் இசைக்கருவிகள். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்தபின் போங்கள் என்கிறான். புனத்தில் யானையை ஓட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்கிறான். வழுக்கும் இடத்தில் கொடி சுற்றிய பிடிமானத்தைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் கடக்கச் சொல்கிறான். மயில் ஆடினாலும், மூங்கிலில் குரங்கு தாவினாலும், செங்குத்துப் பாறையில் தேனடை தெரிந்தாலும் சட்டென்று அண்ணாந்து பார்க்காதீர்கள், அடி தவறிவிடும் என்கிறான். பாறை விளிம்பில் நின்று தற்படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கைப் பலகையை எந்தத் துறை எழுதமுடியும்? தெய்வம் உறையும் இடங்கள் வரும். தொழுது கடந்துபோங்கள், வெறுமனே உங்கள் கருவிகளை முழக்காதீர்கள் என்கிறான். வழி தவறிவிட்டால் என்ன செய்வது? அங்குமிங்கும் அலையாமல் அகன்ற பாறையில் ஏறி நின்று இப்போது கருவிகளை இசையுங்கள், கேட்டுக் கானவர் வந்துவிடுவார்கள் என்கிறான். குடியிருப்பை அடைந்ததும் நாங்கள் நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், உணவு கிடைக்கும் என்கிறான்.

வழியெங்கும் ஆள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. பொறியை ஒருவன் வைத்திருக்கிறான், கல்லை ஒருவன் எறிகிறான், பாட்டுக் கேட்டால் ஒருவன் வருகிறான். நடப்பவன் ஒவ்வோர் அடியிலும் யாரோ ஒருவரின் வீட்டு வாசலைக் கடந்துகொண்டிருக்கிறான். மலையில் எழும் ஓசைகளைப் புலவர் அடுக்குகிறார் அல்லவா, நூலின் பெயரே அதிலிருந்து வந்ததுதானே, அந்த அடுக்கின் தொடக்கத்தில் அருவியில் குடைந்தாடும் வானரமகளிரின் ஓசை வருகிறது. தொடர்ந்து முள்ளம்பன்றி தாக்கிய கானவரின் அழுகை, புலி கீறிய கணவனின் புண் ஆறப் பாடும் பெண்களின் குரல், குரவையாடும் குறவரின் ஆரவாரம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு. தேவமகளிருக்கு அடுத்த வரிசையில் உழைக்கும் மனிதர்களை நிறுத்தியவர் பெருங்கௌசிகனார். ஓசைகளின் அந்தப் பட்டியலில் ‘ஏகாந்தம்’ இல்லை. நம்முடைய பயணக்கட்டுரையில் கேட்கிற ஒரே ஓசை அருவியின் ஓசை; அதோடு கட்டுரையாசிரியரின் மனத்தில் எழும் ஓசை. (பின்னது கொஞ்சம் நீளமாகவே கேட்கும்.)

இப்போது 2022-க்கு வருகிறேன். என் வகுப்பில் ஒரு காணி மாணவன் சேர்ந்திருந்தான். குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்களில் அவனும் ஒருவன். ஒருநாள் துறைக்கு வந்து, கையில் ஒரு நகல் தாள்கட்டோடு நின்றான். என் கட்டுரையின் நகல்.

“ஐயா, இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமாம்ப்பா. உனக்கு எங்கே கிடைச்சுது?”

“எங்க தாத்தா பெட்டியில இருந்துது ஐயா. உங்ககூட வந்தவரு எங்க தாத்தாதான்.”

இதழ் வெளிவந்தபோது அவருக்கு ஒரு படி அனுப்பியிருந்தேன். அதைச் செய்ததற்காக எனக்கு நானே பாராட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அவர் 2019-இல் காலமாகிவிட்டாராம். எனக்குத் தெரியாது. வருத்தம் தெரிவித்தேன். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்:

“வன உரிமைக்கு எங்க ஆளுங்க மனு எழுதுறாங்க ஐயா. எழுத்துல ஏதாவது சான்று இருந்தா சேர்க்கலாம்னு தேடினோம். பேராசிரியர் எழுதினது இருக்குன்னு எல்லாருக்கும் சந்தோசம். படிச்சுப் பார்த்தோம். வைக்க முடியல ஐயா.”

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தேர்வு முடிவைச் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

“படம் மட்டும் உதவும் ஐயா. அருவிக்குப் பக்கத்துல எங்க சாமிக்கல்லு அதுல நல்லாத் தெரியுது. ஆனா நீங்க அதுமேல உக்காந்திருக்கீங்க.”

வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு 2007 டிசம்பர் 31-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையொன்றால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் நின்றுகிடந்தது. 2016-இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கியபிறகே வழி பிறந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்தக் காட்டில் வாழ்ந்ததையும் அதைச் சார்ந்திருந்ததையும் பழங்குடி மக்கள் காட்டவேண்டும். எதையெல்லாம் சான்றாகக் கொள்ளலாம் என்று விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. அரசு ஆவணங்கள், மூத்தோர் வாக்குமூலம், குடியிருந்த தடயங்கள், இடுகாடு, புனித மரங்கள், சோலைகள், நீர்நிலைகள், தேனும் கிழங்கும் எடுக்கும் இடங்கள், மீன் பிடிக்கும் இடங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கிராமசபை பார்க்கவேண்டும். அந்தப் பட்டியலைப் பிறகுதான் நான் படித்தேன். படிக்கும்போது உடல் கூசியது. அதில் இருந்தவற்றில் பாதியை 2006-இல் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

பாதையில் வெட்டுத்தடம் போட்ட மரங்கள் இருந்தன. ஒரு மேட்டில் பலாமரம் ஒன்று தனியாக நின்றது. தம் தாத்தா வைத்தது என்றார் பெரியவர். அருவிக்கு மேலே செங்குத்துப் பாறையில் மலைத்தேன் எடுக்க இறக்கிய காட்டுக்கொடி ஏணி, நைந்துபோய், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆற்றில் ஒவ்வொரு கசத்துக்கும் ஒரு பெயர் சொன்னார். எந்தக் கசத்தில் எந்த மாதம் மீன் பிடிக்கலாம் என்று சொன்னார். அருவிக்கு இறங்கும் முன் ஓரிடத்தில் சற்று நேரம் அசையாமல் நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்து நானும் நின்றேன். அவர் தொழுதுகொண்டிருந்தார். அதன்பிறகு நான் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்து, மாணவனைப் படம் எடுக்கச் சொன்னேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. என் கட்டுரையில் அந்தக் கணத்தை ‘கானகத்தின் பேரமைதி’ என்று எழுதியிருக்கிறேன்.

மலைபடுகடாத்தை அப்போது நான் நான்கு முறையாவது முழுவதும் படித்திருந்தேன்.

காணி என்ற சொல்லுக்கே உரிமை நிலம் என்று பொருள். காணியாட்சி என்று கல்வெட்டுகளில் வருவது வழிவழி வரும் நிலவுரிமை. அந்தச் சொல்லையே குலப்பெயராகக் கொண்ட மக்கள் இந்த நிலத்தில் நாங்கள் இருந்தோம் என்று நிரூபிக்கத் தாள் தேடி அலைகிறார்கள். தமிழ் முதுகலை படித்த ஒருவன் இங்கே யாருமே இருந்ததில்லை என்று அச்சில் ஏற்றி வைத்திருக்கிறான்.

இதற்கு மறுப்பாக நண்பர்கள் சொல்லக்கூடியதை நான் அறிவேன். ‘கால் படாத’ என்பது உயர்வுநவிற்சி, அணி. அதைப் போய் நீதிமன்றச் சான்றுபோலப் படிப்பதா என்பார்கள். உயர்வுநவிற்சிக்கு ஓர் இலக்கணம் உண்டு. உள்ளதைப் பெரிதாக்கலாம். பெண்ணின் கண்ணைக் கடல் என்னலாம். அதற்காக அவளுக்குக் கண்ணே இல்லை என்று யாரும் முடிவுகட்டப் போவதில்லை. இருக்கிற மக்களை இல்லையென்று சொல்வதை எந்த அணிநூலில் சேர்ப்பது?

மேலும், காடு காலியானது என்ற எண்ணம் எழுத்தில் பரவப் பரவ இரண்டு வகையானவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஒருவகையினர், ஆளில்லா இடம்தானே என்று புட்டியோடு வருகிறவர்கள். யாருடைய இடமும் அல்லாத இடத்தில் புட்டியை உடைப்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. இன்னொரு வகையினர், அப்படி வருகிறவர்களைக் காட்டி வாயிலை மொத்தமாக மூடுகிறவர்கள். மூடும்போது புட்டியோடு வந்தவனும் தேன் எடுக்க வந்தவனும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமானது, தமிழ்நாட்டில் முதலாவது. புலிக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. புலிகளோடு அங்கே முன்பிருந்தே வாழ்ந்தவர்களை விருந்தினர் கணக்கில் எழுதாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

உயிர் தொடர்பான கணக்கும் ஒன்றுண்டு. 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் மாண்டார்கள். 2024 மே 17-இல் பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. குற்றாலம் எல்லோரும் அறிந்த அருவி. கம்பி கட்டி, காவலர் நிற்கும் இடம். அங்கேயே அப்படி. இங்கே மலைச்சரிவு செங்குத்தானது. மேலே எங்கோ கண்ணுக்குத் தெரியாத முகட்டில் பெய்த மழை, கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வந்து இறங்கிவிடும். நாங்கள் அருவியில் நின்ற அன்று, தண்ணீரில் சருகும் சுள்ளியும் கூடுதலாக வரத் தொடங்கியதையும் நிறம் சற்றே கலங்கியதையும் பார்த்து, “ஏறுங்க சார், போதும்” என்றார் பெரியவர். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. மனமில்லாமல் ஏறினோம். கால்மணி நேரத்தில் நாங்கள் நின்ற பாறை நீருக்குள் போயிற்று. இதை என் கட்டுரையில் எழுதினேனா? எழுதினேன். ‘காட்டாறு தன் சீற்றத்தைக் காட்டியது’ என்று காட்டாற்றை எழுவாயாக வைத்து எழுதினேன். எங்களை மேலே ஏற்றியவர் வாக்கியத்தில் இல்லை. இதைப் படித்துவிட்டு அவரில்லாமல் போகிற ஒருவன், சீற்றம் தணியட்டும் என்று அங்கேயே நின்றிருப்பான்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு வேறொன்று. வழி சொல்லாமல், பெயர் சொல்லாமல் எழுதுவது மேட்டிமை அல்லவா? நீ பார்த்துவிட்டாய், மற்றவன் பார்க்கக்கூடாதா? இதை என்னால் எளிதில் தள்ளமுடியவில்லை. அன்று என்னோடு வந்த இரண்டு மாணவர்களில் ஒருவன் வறண்ட கரிசல் ஊரிலிருந்து வந்தவன். தண்ணீர் மேலிருந்து விழுவதை அன்றுதான் முதலில் பார்க்கிறான். அவன் முகத்தைப் பார்த்தவன் யாரும், காட்டைப் பூட்டிவைத்துவிடுங்கள் என்று சொல்லமாட்டான். நானும் சொல்லவில்லை. போகவே கூடாது என்பவர்களோடு என்னைச் சேர்த்துவிடவேண்டாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது மலைப்பாதைகளை இணையப் பதிவின் மூலம் திறந்துவிட்டது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறது. இதில் குறைகள் இருக்கலாம். ஆனாலும் உன்னை யார் அழைத்துப்போகிறார் என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடை இருக்கிறது. ஒளிப்படத்தோடு ஆள்கூறுகளையும் போட்டுவிட்டு, ‘யாருக்கும் தெரியாத அருவி, உடனே போய்ப் பாருங்கள்’ என்று கூவுகிறவர்களிடம் அந்த விடைகூட இல்லை. ஆற்றுப்படைக் கூத்தனும் வழி சொன்னவன்தான், ஒன்றையும் ஒளிக்கவில்லை. போனதும் யாரிடம் என்ன சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னான். அந்த அருவியின் பெயரை இங்கே நான் எழுதாததற்குக் காரணமும் இதுவே. அந்தப் பெயரைப் பெரியவர் எனக்குச் சொன்னார். ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதை அவருடைய மக்கள் முடிவு செய்யட்டும்.

பயணக்கட்டுரை எழுதும் நண்பர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் கட்டுரையில் உங்களை அழைத்துச் சென்றவர் எத்தனை வாக்கியங்களில் எழுவாயாக வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். என் 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எண்ணிப் பார்த்தேன். மூன்று. அவற்றில் ஒன்று, ‘பெரியவர் வெற்றிலை மென்றார்’ என்பது.

அன்று மாணவன் போனபின் வீட்டில் பரணை முழுவதும் இறக்கினேன். என் பழக்கம், போகிற இடத்திலெல்லாம் கையடக்கக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது. பெட்டிகளின் அடியில் அந்தக் குறிப்பேடு கிடைத்தது. அட்டையில் கரப்பான் அரித்திருந்தது. உள்ளே பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. எல்லாம் இருந்தன. பலாமரம், அது யார் வைத்தது என்பது. கொடி ஏணி. ஏழு கசங்களின் பெயர்கள், பெரியவர் சொன்ன வரிசையில், ஒன்றுக்குப் பக்கத்தில் ‘உச்சரிப்பு? மறுபடி கேட்க’ என்ற குறிப்போடு. தேதி. உடன்வந்தவர்களின் பெயர்கள். கட்டுரை எழுதும்போது நடை கெடும் என்று இவற்றையெல்லாம் நான்தான் தள்ளியிருக்கிறேன்.

பதினொரு பக்கங்களை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்டு, அன்று நான் எழுதிய கட்டுரையின் தலைப்பும் அதில் உள்ள இன்னின்ன வரிகளும் உண்மைக்கு மாறானவை என்று ஒரு கடிதமும் இணைத்து, அவனிடம் கொடுத்தேன். வெளியாள் ஒருவனின் பென்சில் குறிப்பை ஏற்பார்களா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் நான்காவது கசத்தின் பெயரில் நின்று, “இது தப்பா எழுதியிருக்கீங்க ஐயா” என்று சொல்லி, என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் திருத்தினான்.